ஐஸ் ஹாக்கியைப் பார்க்கத் தெரிந்த பதினொருவர்

ஐஸ் ஹாக்கி என்னும் உன்னதமான விளையாட்டைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்தப் பூமண்டலத்தில் மொத்தம் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேரும் ஒரே காலத்தில், ஒரே ஊரில், ஒரே ஆபீஸில், ஒரே ஹாலில் உட்கார்ந்து பேனா பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதைச் சரித்திரம் இதுவரை கவனிக்கவில்லை. ஊர் திருவனந்தபுரம். ஆபீஸின் பெயரைச் சொல்வதற்கில்லை. மாதாமாதம் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது.

கனடா தேசத்தில் லட்சம் பேர் பார்க்கிறார்களே என்று கேட்பீர்கள். பார்க்கிறார்கள், யார் இல்லை என்றது? பார்த்துவிட்டுக் கத்துகிறார்கள். தொப்பியைத் தூக்கி எறிகிறார்கள். பக்கத்தில் நிற்பவன் யார், எந்த கிரேடு, என்ன சம்பளம் என்றுகூட விசாரிக்காமல் அவனைக் கட்டிக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர் ரசனையா? நாங்கள் அந்த ரகம் அல்ல. அந்த விளையாட்டை ஏழு மாத காலம் பார்க்காமலேயே பார்த்தவர்கள் நாங்கள். ஆழ்ந்து பார்ப்பது என்றால் அதுதான்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினொன்றோ பன்னிரண்டோ, தனு மாதத்தில், அதாவது நம் மார்கழியில், எங்கள் ஆபீஸுக்குத் தலைமை அதிகாரியாக மக்கிரே துரை வந்து சேர்ந்தார். கனடாக்காரர். ஆறடி உயரம், சிவந்த மூக்கு, தனி ஆள். வந்த மூன்றாம் நாள் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் மானேஜர் ஸ்ரீகண்டய்யரிடம், என்ன பேசுவது என்று தெரியாத மனிதர் பேசுவதுபோல, "மிஸ்டர் ஐயர், உங்களுக்கு ஐஸ் ஹாக்கியில் ஈடுபாடு உண்டா?" என்று கேட்டார்.

ஸ்ரீகண்டய்யருக்கு அப்போது முப்பத்தோரு வருஷ சர்வீஸ். அந்த முப்பத்தோரு வருஷத்தில் மேலதிகாரி கேட்ட எந்தக் கேள்விக்கும் 'இல்லை' என்று பதில் சொன்னவர் அல்லர். அந்த வார்த்தை அவர் வாயில் வராது.

"எஸ் ஸார். வெரி மச் ஸார். ஹோல் ஆபீஸ் ஸார்" என்றார்.

துரையின் கண் கலங்கிவிட்டது. கப்பலேறிய நாளிலிருந்து இதைப் பற்றிப் பேச ஓர் ஆத்மா கிடைக்கவில்லையாம். அவருடைய தம்பி இந்தக் குளிர்காலத்து ஆட்டம் ஒன்றைச் சினிமாப் படமாகப் பிடித்து அனுப்பப்போகிறானாம். வந்ததும் ஆபீஸ் முழுவதும் சேர்ந்து பார்க்கலாம், பிறகு ஒவ்வொருவரும் தம் அபிப்பிராயத்தைச் சொல்லலாம் என்று ஸ்ரீகண்டய்யரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஸ்ரீகண்டய்யர் நேரே என் மேஜைக்கு வந்தார். நான் ஹெட் கிளார்க். "ஓய் பிச்சுமணி, துரைகிட்டே நான் ஆமான்னுட்டேன். இனிமே அதை நெஜமாக்க வேண்டியது ஆபீஸோட பொறுப்பாக்கும்."

"அது என்ன விளையாட்டு அண்ணா?"

"அதெல்லாம் நீர் பைல் போட்டுக் கண்டுபிடியும்."

அன்று மாலையே கூட்டம் கூடியது. 'ஐஸ் ஹாக்கி ஆழ்ந்த ரசனை சபை' உதயமாயிற்று. தலைவர் ஸ்ரீகண்டய்யர், காரியதரிசி அடியேன், பொருளாளர், பொருள் இல்லாததால், யாரும் இல்லை. இரண்டு தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. முதலாவது: ஐஸ் ஹாக்கி ஒரு சிறந்த விளையாட்டு என்று இந்த ஆபீஸ் நெடுங்காலமாகக் கருதி வந்திருக்கிறது. இரண்டாவது: அது என்ன விளையாட்டு என்று உடனடியாக விசாரிக்க வேண்டியது.

விசாரித்தோம். லைப்ரரியில் ஒரு பெரிய இங்கிலீஷ் புஸ்தகத்தில் நான்கு வரி இருந்தது. ஐந்தாவது வரி 'படம் காண்க' என்றது. படம் இருந்த பக்கத்தை யாரோ எங்களைவிட ஆர்வமுள்ள ரசிகர் கத்தரித்துக்கொண்டு போயிருந்தார். அப்புறம் ஐஸ் என்ற பொருளை நேரில் ஆராய்வது என்று முடிவாயிற்று. ஜூனியர் கிளார்க் சேஷன் சாலைக் கடைத்தெருவில் சோடாக் கடை ஒன்றிலிருந்து மரத்தூளும் சாக்குமாக ஒரு கட்டி வாங்கி வந்தான். அதை என் மேஜை மேல் வைத்து, மானேஜர் முதலாக ஒவ்வொருவரும் நாற்காலியில் ஏறி அதன்மேல் ஒரு காலை வைத்தோம். 'தலைவர் அவர்கள் இரண்டு வினாடி நின்று அனுபவித்தார்கள்' என்று மினிட் புஸ்தகத்தில் எழுதினேன். அவர் போட்ட சத்தத்தை எழுதவில்லை. சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கட்டி உருகி, தண்ணீர் ஓடி, ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஓடை ரிப்பேர் பைல் மேஜையின் அந்தக் கோடிக்குப் போயிருந்தது. எங்கள் ஆபீஸில் ஒரு பைல் தானாக நகர்ந்தது அதுவே முதல் தடவை.

தரையைத் துடைக்க வந்தவன் யோசுவா.

யோசுவாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தெற்கே இரணியல் பக்கத்துக் கிறிஸ்தவன். ஒன்பது வருஷமாக எங்கள் ஆபீஸில் தற்காலிகப் பியூன். தற்காலிகம் என்றால் மார்பில் மாட்டிக்கொள்ளப் பித்தளை வில்லை கிடையாது, பென்ஷன் கிடையாது, நாளைக்கு வா என்று சொல்வதும் நிச்சயம் கிடையாது. அவனை ஸ்திரம் ஆக்க வேண்டும் என்ற விண்ணப்பம் என் மேஜையில் இருந்தது. அதில் நான் 'சிபாரிசு செய்கிறேன்' என்று ஒரு வரி எழுதி, துரை ஒரு கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்தது. நாற்பது வயது முடிந்தவனை ஸ்திரம் ஆக்கக் கூடாது என்பது விதி. யோசுவாவுக்கு வருகிற சிங்க மாதம், அதாவது ஆவணி, ஒன்றாம் தேதியோடு நாற்பது முடிகிறது.

"ஏமானே, நம்ம பேப்பர்..." என்று வாரத்துக்கு ஒரு தடவை தலையைச் சொறிவான். "வில்லை வந்தா தேச்சு மினுக்கணும்னு வீட்டுக்காரி தாசம்மா கொஞ்சம் புளி தனியா எடுத்து வச்சிருக்கா. புளியே பழசாப் போச்சு, ஏமானே."

"ஆகட்டும், பார்க்கலாம்" என்பேன். ஆபீஸில் இதைவிட உறுதியான வாக்குக் கிடையாது.

அன்று தரையைத் துடைத்துக்கொண்டே அவன், "ஐஸ் ஹாக்கிக்கு ஒரு கட்டி போராது ஏமானே. ஒரு குளம் முழுக்க வேணும்" என்றான்.

பதினோரு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"உனக்கு என்னடா தெரியும்?" என்றார் ஸ்ரீகண்டய்யர்.

"நான் கண்டதாக்கும் ஏமானே. சின்ன வயசுல கொழும்புல கப்பல் ஏறி, கரி அள்ளிப் போடுக வேலைக்குப் போனேன். ஹாலிபாக்ஸ்னு ஒரு துறைமுகம், கனடாவுல. கப்பல் கேடு வந்து ஒரு குளிர்காலம் முழுக்க அங்கதான் கெடந்தோம். குளம் உறைஞ்சு பாறை கணக்கா கெடக்கும். கால்ல கத்தி வச்ச பூட்ஸைக் கெட்டிக்கிட்டுப் பறப்பானுவ. கப்பல்காரங்க விளையாடச்சில என்னையும் இழுத்து விட்டானுவ. எனக்கு வழுக்கி ஓடத் தெரியாது. அதனால கோலு காக்க நிறுத்தினானுவ."

"பந்து எத்தனை பெரிசு?" என்று நான் கேட்டேன்.

"பந்தில்ல ஏமானே. ரப்பர் வட்டு. நம்ம அதிரசம் கணக்கா இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஆறு பேரு."

"ஆறு பேருன்னா மிச்ச அஞ்சு பேரும் லீவா?" என்றார் ஸ்ரீகண்டய்யர். "ஓய், இவன் கப்பல்லே வேற எதையோ பாத்துட்டு வந்து உளர்றான்."

யோசுவாவைச் சபையில் சேர்ப்பதா என்ற பிரச்சினை அடுத்த கூட்டத்தில் விரிவாக அலசப்பட்டது. சேர்ப்பதற்கில்லை என்று முடிவாயிற்று. அவன் மெட்ரிகுலேஷன் பாஸ் பண்ணவில்லை என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம், அவன் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறான். பார்த்தவனுக்கு முன்கூட்டியே ஓர் அபிப்பிராயம் இருக்கும். ஆராய்ச்சிக்கு அது கெடுதல். பாரபட்சம் இல்லாமல் பார்க்க எங்களால்தான் முடியும்.

ஆனால் நான் பரந்த மனசுக்காரன். தினமும் மத்தியானம் சோற்று மூட்டையைப் பிரிக்கும்போது யோசுவாவைக் கூப்பிட்டு வைத்துக் கேட்பேன். அவன் கைத்துடைப்பத்தை மட்டையாகப் பிடித்துக்கொண்டு, ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் ஓடி ஓடிக் காட்டுவான். ஆட்டம் மூன்று பாகம். தப்பு ஆட்டம் ஆடினவனைக் கொஞ்ச நேரம் ஒரு கூண்டில் உட்கார வைப்பார்கள். மணி அடித்த பிறகு வட்டு வலைக்குள் போனாலும் கோல் இல்லை. எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொள்வேன். சனிக்கிழமை துரை வந்து "ஹாக்கி எப்படி இருக்கிறது?" என்று கேட்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து விடுவேன். துரை மலைத்துப்போய், "மிஸ்டர் பிச்சுமணி, இதெல்லாம் எங்கே கற்றீர்கள்?" என்றார்.

"சொந்த வாசிப்பு ஸார்" என்றேன்.

வீட்டில் என் மனைவி பாகீரதிக்கு மட்டும் விஷயம் தெரியும். "அவன் வாயிலேந்து எல்லாத்தையும் பிடுங்கிக்கறேளே, அவன் காகிதத்திலே ஒரு வரி எழுதினா உங்க கை தேஞ்சா போயிடும்?" என்றாள்.

"உனக்கு நிர்வாகம் மனசிலாகாது. இப்போவே எழுதிட்டா அப்புறம் அவன் நமக்கு எதுக்கு ஓடிக் காட்டுவான்?" என்றேன். பாகீரதி என் இலையில் ரசத்தைக் கொஞ்சம் வேகமாகவே ஊற்றினாள்.

மிதுன மாதத்தில் ஓர் எழுத்துப் பரீட்சை வைத்தோம். பேப்பர் தயாரித்தது நான். 'வட்டு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் செல்லும்போது உயர்ந்த ரசிகன் எங்கே பார்க்க வேண்டும்?' என்பது முதல் கேள்வி. 'மேலதிகாரியின் முகத்தை' என்பது சரியான விடை. பதினோரு பேரும் முழு மார்க் வாங்கினோம்.

மிஞ்சியது ஒரே ஒரு சந்தேகம். பார்க்கும்போது எப்படி நடந்துகொள்வது? யோசுவாவைக் கேட்டால், "கத்தணும் ஏமானே, தொண்டை கிழியக் கத்தணும்" என்றான். சபையே முகத்தைச் சுளித்தது. இது என்ன ஊர் என்று நினைத்தான்? பத்மதீர்த்தக் கரையில் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாள் பாட்டுக் கேட்டு வளர்ந்த காதுகள் எங்களுடையவை. அங்கே வித்வான் எப்படிப் பாடினாலும் கைதட்டக் கூடாது, பேஷ் என்று வாயைத் திறக்கக் கூடாது, சட்டை கிடையாது, மேல்வேஷ்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, மூச்சுவிடுகிற சத்தம்கூட வெளியே வராமல் உட்கார்ந்திருக்க வேண்டும். உயர்ந்த சரக்குக்குக் கொடுக்கிற மரியாதை அது. ஐஸ் ஹாக்கிக்கு மட்டும் அதில் ஒரு மாற்றுக் குறைவானேன்? 'மண்டப முறையே பின்பற்றப்படும்' என்று தீர்மானம் போட்டோம்.

கர்க்கடக மாதம் இருபத்தைந்தாம் தேதி வாக்கில் படப்பெட்டி வந்து சேர்ந்தது. சிங்கம் ஒன்றுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. யோசுவா அன்று காலை என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். தலையைச் சொறியவில்லை. "ஏமானே, இனி ஒரு ஆழ்ச்சைதான் இருக்கு" என்றான்.

"இன்றைக்குப் படம் நல்லபடியாக முடியட்டும், நாளைக்கே எழுதிவிடுகிறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சாயங்காலம் ஐந்து மணி. வெளியே அடை மழை. ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டு ஹாலை இருட்டாக்கியிருந்தோம். சுவரில் வெள்ளை வேஷ்டி. துரையின் சொந்த மிஷின், கையால் சுற்றுவது. அதைச் சுற்றச் சேஷனுக்குத் துரையே பழக்கிக் கொடுத்திருந்தார். ஆரம்பிக்கிற சமயத்தில் துரைக்கு எங்கிருந்தோ அவசர அழைப்பு வந்தது. "நீங்கள் பாருங்கள். நான் திரும்பி வந்ததும் உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்கிறேன்" என்று ஓடினார்.

இது எங்களுக்கு ஒரு பெரிய அடி. மேலதிகாரியே இல்லாவிட்டால் எங்கே பார்ப்பது? வேறு வழியில்லாமல் படத்தைப் பார்த்தோம்.

முதலில் படம் தலைகீழாக வந்தது. சேஷன் சுருளைக் கழற்றித் திருப்பி மாட்டினான். மனிதர்கள் நேராக நின்றார்கள். ஆஹா, என்ன ஆட்டம்! மிஷினைச் சுற்றுகிற சேஷனின் கையைத் தவிர, பதினோரு பேரும் வெற்று மார்போடு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். ஆட்டக்காரர்கள் எல்லாரும் முதுகுப் பக்கமாகவே பறந்தார்கள். பனியில் குப்புற விழுந்து கிடந்தவன் திடீரென்று தானாக எழுந்து நின்றான். அவனை எழுப்பிவிட்டவன் பணிவோடு பின்வாங்கிப் போனான். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வட்டு! அது வலைக்குள்ளேயே இருந்தது. கோல் காக்கிறவன் விழுந்து புரண்டு வழிவிட, அது வலையைவிட்டுக் கிளம்பி, ஒருவன் மட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே இருப்பதை வெளியே அனுப்புவதுதான் ஆட்டத்தின் தத்துவம் என்று நான் இருட்டிலேயே நோட்டில் எழுதினேன்.

கதவோரத்தில் நின்ற யோசுவா, "ஏமானே, படம் பொறகோட்டு ஓடுது!" என்றான்.

"சும்மா இருடா" என்றார் ஸ்ரீகண்டய்யர்.

"சத்தியமாட்டு ஏமானே. கடைசியிலேருந்து ஓடுது. ஆளு பின்னாலயா ஓடுவான்?"

நாங்கள் அவசரக் கூட்டம் போட்டோம். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிற ஆபீஸ் அல்ல அது. படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, 'படம் சரியாகத்தான் ஓடுகிறது' என்ற பிரேரணையை ஓட்டுக்கு விட்டோம். ஆதரவு பதினொன்று; எதிர்ப்பு இல்லை. யோசுவாவுக்கு ஓட்டு இல்லை. மறுபடி விளக்கை அணைத்து மிச்சத்தையும் பார்த்து முடித்தோம்.

முடியவும் துரை வரவும் சரியாக இருந்தது. பதினோரு பேர் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றுவிட்டார். புழுக்கமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார் போலும். "சரி, எப்படி?" என்றார் ஆவலாக.

ஸ்ரீகண்டய்யர் எனக்கு ஜாடை காட்டினார். நான் எழுந்து நோட்டைப் படித்தேன். "ஸார், இந்த ஆட்டத்தில் எங்களை மிகவும் உருக்கிய அம்சம் இதுதான். விழுந்து கிடப்பவனை எதிரிகள் மட்டையால் தொட்டு எழுப்பிவிடுகிறார்கள். வலைக்குள் சிக்கிய வட்டைக் கோல் காப்பவன் தன் உடம்பை வருத்தி விடுதலை செய்கிறான். எல்லாரும் அடக்கத்தோடு பின்னோக்கியே செல்கிறார்கள். இப்படிப்பட்ட மரியாதையை நாங்கள் வேறு எந்த விளையாட்டிலும் கண்டதில்லை."

துரை என்னைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், பெட்டியில் இருந்த தம்பியின் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். "இன்னொரு தடவை ஓட்டு" என்றார் சேஷனிடம்.

தம்பி தன் வீட்டில் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிச் சுற்றாமல் அப்படியே அனுப்பிவிட்டானாம். நாங்கள் ஒரு தடவை ஓட்டியதில் அது தானாகவே சரியாகிவிட்டது. இப்போது ஓடியது முன்னோக்கி. எனக்கோ தலை சுற்றியது. 'இப்போதுதான் தப்பாக ஓடுகிறது' என்று என் காதில் கிசுகிசுத்தார் ஸ்ரீகண்டய்யர். இருந்தாலும் மண்டப முறை முறைதான். துரை பக்கத்திலேயே இருக்கிறார். பதினோரு பேரும் அவர் முகத்தைப் பார்த்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கற்சிலைகளாக அமர்ந்திருந்தோம்.

அப்போது கதவோரத்திலிருந்து ஒரு சத்தம். "விடாதே! அங்கிட்டுப் போ! அந்தச் சிவப்புக் கம்பளிக்காரனைப் பாரு! அடி... அடிலே! கோலு! கோலு!" யோசுவா குதித்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு எங்கே கண்டானோ தெரியாது.

அதே கணத்தில் துரையும் அலறினார். இரண்டு பேர் வாயிலிருந்தும் அந்த 'கோல்' ஒன்றாகவே வந்தது. துரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். யோசுவா இரண்டடி முன்னால் வந்துவிட்டான். அடுத்த கோலுக்கு அவன் கை துரையின் தோளிலும், துரையின் கை அவன் தோளிலும் இருந்தது. கிரேடு என்ன, சம்பளம் என்ன? ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் சின்னக் குழந்தைகள் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"உனக்கு ஆட்டம் தெரியுமா?" என்றார் துரை.

"ஹாலிபாக்ஸ், ஸார்" என்றான் யோசுவா. "கோல், ஸார். ஐ ஸ்டாண்டிங் கோல்."

கால்மணி நேரம் பேசினார்கள், உடைந்த இங்கிலீஷும் கையும் காலுமாக. துரை தம் அறைக்கு ஓடி ஒரு கறுத்த ரப்பர் வட்டைக் கொண்டுவந்து யோசுவாவின் கையில் வைத்து மூடினார். அவனைப் பற்றி என்னிடம் விசாரித்தார். ஒன்பது வருஷம் தற்காலிகம் என்றதும் முகம் சுருங்கியது. "நாளைக்கே அவன் காகிதத்தை எனக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

யோசுவா அழுதான். நான் பார்த்தேன்.

எனக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன். ஏழு மாதம் ஆராய்ச்சி செய்த காரியதரிசி நான். தோளைத் தட்டிக் கொடுத்ததோ துடைப்பம் பிடிக்கிறவனுக்கு. ராத்திரி பாகீரதியிடம் சொன்னபோது, "இதுக்குப் பேரு பொறாமை" என்றாள் பட்டென்று. இல்லை. அது நிர்வாக ரீதியான எரிச்சல்.

மறுநாள் முதல் வேலையாக யோசுவாவைக் கூப்பிட்டேன். சர்க்கார் சிப்பந்தி மேலதிகாரியிடம் பரிசு வாங்கலாமா? விளக்கம் எழுதிக்கொடுக்கும் வரையில் வட்டு ஆபீஸ் வசம் இருக்க வேண்டும் என்று வாங்கி, என் மேஜையில், அவனுடைய விண்ணப்பத்தின் மேலேயே, காற்றில் பறக்காமல் பத்திரமாக வைத்தேன். நல்ல கனம். பேப்பர் வெயிட்டுக்கு அதைப்போல் ஒன்று கிடைக்காது.

துரை நாளைக்கே என்றார். எங்கள் ஆபீஸில் 'நாளைக்கே' என்றால் உரிய முறைப்படி என்று அர்த்தம். வயதுக்கு ஞானஸ்நானச் சர்ட்டிபிகேட் கேட்டேன். மழையில் இரணியல் போய் இரண்டு நாளில் கொண்டுவந்தான். கப்பல் வேலைக்கு அத்தாட்சி கேட்டேன். கப்பல் முழுகிப்போய்ப் பத்து வருஷம் ஆயிற்று என்றான். முழுகியதற்கு அத்தாட்சி கேட்டேன். நடுவில் ஒரு நாள் துரை, "அந்தக் காகிதம்?" என்றார். "நகர்ந்துகொண்டிருக்கிறது ஸார்" என்றார் ஸ்ரீகண்டய்யர். அந்த வாரம் நான் துரையிடம் நாற்பத்திரண்டு காகிதம் வைத்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அதில் யோசுவாவுடையதும் இருக்கும் என்று நினைத்திருப்பார். சிங்கம் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் தேதி துரை மலைப்பக்கம் சர்க்கீட் சுற்றப் போனார். மூன்றாம் தேதி, நாற்பது வயது முடிந்துவிட்டபடியால் விண்ணப்பம் பரிசீலனைக்கு உரியதல்ல என்றும், தற்காலிக இடம் இதனால் காலி செய்யப்படுகிறது என்றும் ஸ்ரீகண்டய்யரின் கையெழுத்துக்காக அழகான எழுத்தில் ஓர் ஆர்டர் எழுதினேன். ஒரு வரி அல்ல, ஏழு வரி. கை தேயவில்லை.

யோசுவா வந்து நின்றான். கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை. மேஜையில் இருந்த வட்டைப் பார்த்தான். அதன் அடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தான்.

"இங்கயேதான் இருந்துதா, ஏமானே?"

"இருந்தது."

"நான் ஹாலிபாக்ஸ்ல எத்தனையோ கோலு காக்கிறவனுவளைக் கண்டிருக்கேன். நானும் நின்னிருக்கேன். எல்லாவனும் ஒரு தடவை இல்லாட்டி ஒரு தடவை விட்டுருவான். ஒன்பது வருஷம் ஒண்ணையும் உள்ள விடாம நின்னது ஏமான் மட்டும்தான்."

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் காவல் வேலைக்குப் போவதாகச் சொன்னான். வட்டைத் தர முடியுமா என்று கேட்டான். விளக்கம் இன்னும் வரவில்லையே என்றேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று அந்த வட்டைச் சபையின் ஞாபகார்த்தமாக எனக்கே கொடுத்துவிட்டார்கள். எடுத்தபோது அடியில் இருந்த காகிதமும் கூடவே வந்தது. நம் ஊர்ச் சூட்டில் ரப்பர் உருகி ஒட்டிப்போயிருந்தது. இப்போதும் வீட்டு மேஜையில் அப்படியே இருக்கிறது. பாகீரதி மேஜையைத் துடைக்கும்போது அதை மட்டும் தொடமாட்டாள். அந்தக் காகிதத்தில் என் ஒரு வரிக்காக விட்ட இடம் வெள்ளையாகவே இருக்கிறது. போன வாரம் அவள் அதைச் சுட்டிக்காட்டி, "இப்போவாவது எழுதுங்கோளேன்" என்றாள். மணி அடித்த பிறகு உள்ளே போனால் கோல் இல்லை என்றேன். "அதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?" என்றாள்.

ஐஸ் ஹாக்கியைப் பார்க்கத் தெரிந்தவர்கள் மொத்தம் பதினோரு பேர் என்று ஆரம்பத்தில் எழுதினேன். அதில் மாற்றம் இல்லை. ஆர்டரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, யோசுவா ஹாலின் நடுவே நடந்து மழையில் இறங்கிப் போனானே, அன்றைக்கு எங்கள் பயிற்சி கொஞ்சமும் வீண்போகவில்லை. பதினோரு பேரும் இருந்த இடத்தைவிட்டு அசையாமல், ஒருவர்கூட வாயைத் திறக்காமல், மூச்சு விடுகிற சத்தம் வெளியே வராமல், அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.